பட்டாசு வேலைக்குப் போகாதவர்கள்

அந்த மின்னஞ்சல் வந்தபோது நான் முதலாண்டு மாணவர்களுக்கு நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் மணிக்கட்டை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்து வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியில் மேசை மேலிருந்த என் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். வடக்கே ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து, முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். மிகவும் மரியாதையான கடிதம். அப்படிப்பட்ட மரியாதையைக் கண்டாலே எனக்குப் பயம்.

வெடிமருந்துத் தூசியில் வேலை செய்கிறவர்களின் நுரையீரலைப் பற்றிப் பல நாடுகளில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்களாம். சிவகாசிப் பக்கத்திலிருந்து என்னுடைய பழைய கட்டுரையையும் எடுத்திருக்கிறார்களாம். ஒரே ஒரு சின்னச் சந்தேகமாம். "உங்கள் ஆய்வில் பட்டாசு வேலைக்குப் போகாத பெண்களின் மூச்சளவும் அந்த வயதுக்கு இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருக்கிறதே, அவர்களுடைய அசல் படிவங்களை அனுப்பி உதவ முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

"மேடம், இவனுக்கு நாடியே கிடைக்க மாட்டேங்குது. உங்களுக்குப் பார்த்துக்கட்டா?" என்று ஒரு மாணவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணினாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ரொம்ப வேகமா ஓடுதே மேடம். படியேறி வந்தீங்களா?"

"ஆமா" என்றேன். நாங்கள் இருந்தது தரைத்தளம்.

பயம் வந்தால் உடம்பில் என்னென்ன நடக்கும் என்று பல வருஷமாக வகுப்பெடுக்கிறேன். வாய் உலரும், கண்பாவை விரியும், கை குளிரும், குடல் தன் வேலையை நிறுத்தும். எல்லாம் வரிசைப்படி எனக்கு நடந்தது. படித்த படிப்பு ஒரு மண்ணுக்கும் உதவவில்லை. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் ஓய்வறையில் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நான் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. விருதுநகர் மாவட்டத்துக்காரி, ஒரு மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்கிற பாடம். எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது இன்னமும் பிடிபடவில்லை. "ஊசியும் போட மாட்ட, மாத்திரையும் எழுத மாட்ட, பெறகு என்னத்துக்குத்தான் டாக்டருக்குப் படிச்ச?" என்று என் அண்ணன் கேட்காத கல்யாண வீடு கிடையாது. அண்ணன் பட்டாசு லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். அவன் பெண்டாட்டி, என் மதினி, நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

என் பெயரில் வந்த கட்டுரைகளின் பட்டியல் இரண்டு பக்கம் வரும். பரீட்சை நேரத்தில் மாணவர்களின் ரத்த அழுத்தம், டீ குடித்த பிறகு இதயத்துடிப்பு, அந்த மாதிரி. எல்லாம் பதவி உயர்வுக்குத் தேவை என்று எழுதியவை. என்னைத் தவிர இன்னொருத்தர் அவற்றைப் படித்திருந்தால், அவர் அச்சுப்பிழை பார்த்தவராகத்தான் இருப்பார். ஒன்றே ஒன்றுதான் விதிவிலக்கு. மேற்படிப்புக்காக நான் செய்த ஆய்விலிருந்து வந்த கட்டுரை அது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்களையும் போகாத பெண்களையும் ஸ்பைரோமீட்டரில் ஊத வைத்து, இரண்டு கூட்டத்தின் மூச்சையும் ஒப்பிட்டிருந்தேன். பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவு வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. "வந்ததை எழுதும்மா" என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். எழுதினேன்.

அந்தக் கட்டுரைக்குக் கால் முளைத்துவிட்டது. எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் கட்டுரைகளில் அதைச் சான்று காட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தகவல் வரும். நான் அதைத் துறையில் எல்லோருக்கும் காட்டுவேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரொம்பப் பெருமையாக இருந்தது. பேராசிரியர் பதவிக்கான நேர்காணல் அடுத்த மாதம். என் விண்ணப்பத்தில் முதல் வரி அந்தக் கட்டுரைதான்.

மின்னஞ்சலுக்கு இரண்டு வாரம் முன்னால் மதினி என் வீட்டுக்கு வந்திருந்தாள். போன சீசனிலிருந்து அவளுக்கு மூச்சு வாங்குகிறது. கம்பெனியில் மருந்து செலுத்துகிற அறையில் வேலை. வெடிக்குள் ரசாயனத் தூளை நிரப்புவதைத்தான் எங்கள் பக்கம் மருந்து செலுத்துவது என்பார்கள். அங்கிருந்து மாற்றி, பெட்டி போடுகிற பகுதிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். வாரம் ஒரு தடவை கம்பெனிக்கு வந்து போகிற டாக்டர் ஒரு தாளை எடுத்து அவளிடம் காட்டியிருக்கிறார்.

"உங்க நெஞ்சுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லம்மா, ஆராய்ச்சி பண்ணியே எழுதியிருக்காங்கன்னு சொன்னாரு" என்றாள் மதினி. "யாரு எழுதுனதுன்னு எட்டிப் பாத்தேன். ஆத்தாடி, உன் பேரு இங்கிலீசுல பெருசாப் போட்டிருக்கு! எனக்கு ஒரு பக்கம் சந்தோசம். ஒரு பக்கம் என்னடா இதுன்னு இருந்துச்சு. பிள்ள, நீதான எழுதுன? நீயே இன்னொரு தாளு எழுதிக் குடு. மாத்திருவாக."

"பாக்கேன் மதினி" என்று சொல்லிவிட்டுக் காபி போட அடுப்படிக்குள் ஓடினேன். அடுப்பைப் பற்ற வைக்க எனக்கு மூன்று குச்சி பிடித்தது.

ஏனென்றால் எனக்குத் தெரியும். ஆய்வு செய்த அன்றைக்கே தெரியும். இதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

எங்கள் ஊர் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் இருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வின்போது கம்பெனிப் பெண்களை ஊத வைத்தாகிவிட்டது. ஒப்பிடுவதற்குப் பட்டாசு வேலைக்குப் போகாதவர்கள் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அப்படி ஆள் தேடுவது சாதாரண விஷயமா? நான் மதினியிடம் போனேன். அப்போது அவள் கம்பெனிக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருந்தாள். "மதினி, பட்டாசு வேலைக்குப் போகாத பொம்பளையாளுக ஒரு வேன் நிறைய வேணும். அதே வயசு, அதே சாப்பாடு, அதே தண்ணி. வேலை மட்டும் வேற" என்றேன்.

"அம்புட்டுத்தானா? ஞாயித்துக்கிழமை வேனை அனுப்பு" என்றாள்.

வேன் நிறைய வந்தார்கள், மதினியும் கூடவே. கல்யாண வீட்டுக்குப் போகிற சேலை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, முகத்தில் மஞ்சள். எல்லோர் கையிலும் எலுமிச்சம்பழ வாசனை. ஊதுகிற பரிசோதனைக்கு எலுமிச்சம்பழம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. தொழில் என்ன என்று கேட்டதும் ஒருத்தி விடாமல் "காட்டு வேலை" என்றார்கள். ஒருத்தி நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். நான் சிரித்துக்கொண்டே விவசாயக் கூலி என்று எழுதினேன்.

குழாயை வாயில் வைத்து, இழுத்துப் பிடித்து, ஊது ஊது ஊது என்று நான் கத்த, அவர்களும் கண் பிதுங்க ஊதினார்கள். பிறகு ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரல் நுனியில் கிளிப் மாட்டினேன். அப்போதுதான் நகங்களைப் பார்த்தேன். நகக்கண்ணில், சதையோடு ஒட்டிய இடத்தில், கறுப்பு. முதல் பெண்ணுக்கு இருந்தது. இரண்டாவது பெண்ணுக்கும் இருந்தது. "இது என்னக்கா, அடுப்புக் கரியா?" என்று கேட்டேன். "ஆமா தாயி" என்று கையை இழுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் அப்போதே வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்துவிட்டது.

அந்தக் கறுப்பு எனக்குத் தெரியாத கறுப்பா? என் அம்மா கருந்திரி இழுத்தவள். நூலை வெடிமருந்துக் கூழில் தோய்த்து, கையால் இழுத்து, காயப்போட்டு, துண்டு துண்டாக நறுக்கிக் கட்டிக் கொடுக்கிற வேலை. வீட்டில் வைத்து அதைச் செய்யக் கூடாது. போலீஸ் பிடித்தால் வழக்கு, ஜெயில். அதனால் யார் படிவத்தோடு ஊருக்குள் வந்தாலும், ரேஷன் கார்டு விசாரிக்கிறவர் ஆனாலும் கணக்கெடுப்பு டீச்சர் ஆனாலும், ஊரே காட்டு வேலைதான் பார்க்கும். நானும் பள்ளிக்கூடத்தில் அப்பா அம்மா தொழில் என்ற இடத்தில் அதைத்தான் எழுதினேன். என் பையெல்லாம் கந்தக வாடை அடிக்கும், டீச்சர் கேட்க மாட்டார்.

அப்படிப்பட்ட நான், அந்த விரல்களைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்காமல் விட்டேன். ஆய்வேட்டைக் கொடுக்க நாள் நெருங்கிவிட்டது. வேறு ஆளுக்கு எங்கே போவேன்? அவர்கள் வாயால் இல்லை என்று சொல்கிறார்கள், நான் எழுதுகிறேன், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூழ் கரைக்கிறபோதும் நறுக்கும்போதும் கிளம்புகிற தூள், கம்பெனிக்காரிகளின் நெஞ்சுக்குள் போகிற மாதிரியேதான் இவர்கள் நெஞ்சுக்குள்ளும் போயிருக்கும். கெட்டதையும் கெட்டதையும் ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? அது தெரியாத மடச்சியா நான்?

மின்னஞ்சல் வந்த மறுநாள் துறைத் தலைவரிடம் சொன்னேன். நகத்தை மட்டும் சொல்லாமல், அசல் படிவங்களைக் கேட்கிறார்கள் என்று மட்டும். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"கரையான் அரிச்சிருச்சுன்னு எழுதிருங்க மேடம். பாதிப் பேரோட ஆராய்ச்சி கரையான் வயித்துலதான் இருக்கு. நேர்காணல் முடியிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

கரையான் அரிக்கவில்லை. ஒரு பட்டாசு அட்டைப்பெட்டியில் கட்டி பீரோ மேல் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், கணவரும் பிள்ளைகளும் ஒரு விசேஷத்துக்குப் போன பிறகு, அதை இறக்கிப் பிரித்தேன். அந்தப் பெண்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சம்மதத்துக்குக் கட்டைவிரல் ரேகை வாங்கியிருந்தேன். ஊதா மையில் ரேகைகள் பளிச்சென்று இருந்தன. தாளின் ஓரத்தில், மற்ற விரல்கள் பிடித்துக்கொண்ட இடத்தில், லேசாகச் சாம்பல் நிறத்தில் தீற்றல். முதல் தாளில் இருந்தது. புரட்டினேன். அடுத்ததில் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. எத்தனை எலுமிச்சம்பழம் தேய்த்தும் போகாதது தாளில் உட்கார்ந்திருந்தது. எந்தத் தாளை ஸ்கேன் பண்ணி அனுப்பினாலும் அதுவும் சேர்ந்தேதான் போகும்.

தரையில் உட்கார்ந்து அத்தனையையும் கிழித்துப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். நிஜமாகவே முதல் தாளை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். யாரோ கதவைத் தட்டினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. தண்ணீர் கேன் போடுகிறவர். அவருக்குக் கேனை வைக்க இடம் காட்டிவிட்டு, தாள்களைப் பெட்டிக்குள் திணித்து, பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டேன்.

மதினி அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மதினி, அன்னைக்கு வேன்ல வந்தீகள்ல. எல்லாரும் கருந்திரி இழுத்துக்கிட்டுத்தான் இருந்தீகளா?"

"இது என்ன கேள்வி? உங்க அம்மா செத்த பெறகு அவுக கூழ் கரைச்ச சட்டி யாருட்ட வந்துச்சு? என்ட்டதான."

"ஏன் மதினி என்ட்ட சொல்லல?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, குழப்பந்தான் இருந்தது. "உனக்குத் தெரியாதாக்கும்? என் விரல்ல அந்தக் கிளிப்ப மாட்டிட்டு என் மூஞ்சியப் பாத்தியே. நானும் உன்னப் பாத்தேன். சரி, பிள்ளைக்குத் தெரியும், தெரிஞ்சுதான் எழுதுதுன்னு நெனச்சேன். பட்டாசு வேலைக்குப் போகாத ஆளு வேணும்னு நீதான கேட்ட? நம்ம பிள்ள படிப்பு முடியணும்னு ஊரே கையைக் களுவிட்டு வந்துச்சு."

அந்தக் கட்டுரை எப்படித் தப்பாகிப் போனது என்பதை அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள், என் வழிகாட்டிப் பேராசிரியரைவிட வேகமாகப் புரிந்துகொண்டாள்.

"அப்ப நாங்க கெட்ட நெஞ்ச வச்சு ஊதுனதுல, கம்பெனிக்காரிக நெஞ்சு நல்ல நெஞ்சாத் தெரிஞ்சிருக்கு. இப்ப நான் கம்பெனிக்காரி ஆனப்பெறகு அதையே என்ட்ட திருப்பிக் காட்டுதாக. அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான் மதினி."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. முதுகைத் தடவிவிட்டேன். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீ உள்ளத எழுதுனா போலீசு வருமா?"

"ஊர் பேர எழுத மாட்டேன்."

"உன் ஊரு எதுன்னு யாருக்குத் தெரியாது? இப்பவும் நாலஞ்சு வீட்டுல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அன்னைக்கு வேன்ல வந்தவளுகதான். பிள்ளைகுட்டிக்காரிக." கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "வேண்டாம் பிள்ள. எழுதாத. நான் இப்படியே ஓட்டிருதேன். உனக்கும் அந்தப் பெரிய உத்தியோகம் வரப் போகுதுன்னு உங்க அண்ணன் சொன்னாக."

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. பாதிக்கப்பட்டவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், இனி என் மேல் குற்றமில்லை என்ற நிம்மதி. அதை இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். எங்கள் தெரு ஒன்றும் நீளமான தெரு இல்லை. பாதி வழியில் நின்று, கொசுவத்தைச் சரி செய்கிற மாதிரி குனிந்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டு வாசலில் நின்று, "என்ன கொழம்பு?" என்று கேட்டாள். பதில் வந்தும் நகரவில்லை. பிறகு குழாயடியில் நின்றாள். அங்கே பேச ஆளுமில்லை, நிற்கச் சாக்குமில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாள். என் தொழில் புத்தி, அவள் மூச்சை எண்ண ஆரம்பித்துவிட்டது. கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்து விழுந்து எழும்பியது. மாணவர்களுக்குப் படம் போட்டு நான் விளக்குகிற குழி அது. மூச்சு போதாதபோது கழுத்துத் தசைகளும் சேர்ந்து இழுக்கிறதால் விழுவது.

"பஸ் வந்துரும், நீ போ" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா, "யாரும் தவறிப் போய்ட்டாகளா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். திருத்தங்கல் வருவதற்குள் போனிலேயே கடிதத்தை அடித்து முடித்துவிட்டேன். கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு ஒன்று, அந்த ஆராய்ச்சியாளருக்கு ஒன்று. ஒப்பீட்டுக்கு எடுத்த பெண்கள் வெடிமருந்துத் தூசி படாதவர்கள் என்று நான் எழுதியது தவறு. அவர்கள் என்னை ஏமாற்றவில்லை, பார்த்தும் கேட்காமல் விட்டது நான். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ரேகை உள்ள தாள்களை யாருக்கும் அனுப்ப மாட்டேன். அவ்வளவுதான் எழுதினேன். அனுப்பு என்ற பொத்தானை அமுக்கிவிட்டு, போனைப் பைக்குள் போட்டு, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பயம் குறையவே இல்லை.

மறுநாள் மதினிக்குப் போன் பண்ணினேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"எழுதிட்டேன் மதினி."

மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி. எனக்குப் பயமா இருக்கு பிள்ள."

"எனக்குந்தான் மதினி."

துறைத் தலைவர் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். கல்லூரி மானமே போயிற்று என்றார். யார் கேட்டார்கள் உங்கள் மனசாட்சியை என்றார். நானும் என் குணத்துக்குப் பதிலுக்குக் கத்தினேன். நேர்காணலுக்கு என் பெயர் வரவில்லை. சில மாதங்களில் இதழின் இணையப் பக்கத்தில் என் கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் குறுக்கே, 'திரும்பப் பெறப்பட்டது' என்று சிவப்பில் போட்டார்கள். அதை அச்செடுத்துக்கொண்டு, அனுமதி வாங்கி, மதினியின் கம்பெனி டாக்டரைப் பார்க்கப் போனேன். மதினியை இனி மாற்றிவிடுவார்கள் என்று நம்பினேன்.

வயதானவர், ஓய்வு பெற்றவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தாளை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார். என்னை உட்காரச் சொன்னார்.

"தைரியமான காரியம்தாம்மா. ஆனா யோசிச்சுப் பாருங்க. பாதிப்பு இல்லைன்னு சொன்ன தாள் இப்போ போச்சு. பாதிப்பு இருக்குன்னு சொல்ற தாள் எங்க? ஒருத்தரை மாத்தினா அந்த அறையில இருக்கிற எல்லாரும் கேப்பாங்க. மேனேஜர்கிட்ட நான் எதைக் காட்டுறது?"

"அவுகளை ஊத வச்சுப் பாருங்க சார். இப்பவே கூப்பிடுங்க."

"கம்மியாத்தான் வரும், எனக்குத் தெரியாதா? எதனால கம்மின்னு கேப்பாங்கம்மா. நீங்க எழுதிக் கொண்டாங்க. நான் முதல் ஆளா நின்னு பேசறேன்."

வெளியே வந்து வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே எந்த அறையில் மதினி இருக்கிறாள் என்று தெரியவில்லை. எல்லா அறையும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

எழுத வேண்டுமென்றால் மறுபடியும் ஊத வைக்க வேண்டும். பட்டாசே இல்லாத ஊரிலிருந்து ஒரு கூட்டம், கம்பெனிப் பெண்கள் ஒரு கூட்டம், வீட்டில் திரி இழுக்கிறவர்கள் தனியாக ஒரு கூட்டம். வடக்கே இருந்த அந்த ஆராய்ச்சியாளர், தானும் சேர்ந்து செய்வதாக எழுதினார். கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழு, இந்தத் தடவை படிவத்தில் பெயரும் ரேகையும் வேண்டாம், எண் மட்டும் போதும் என்று ஒத்துக்கொண்டது. எல்லாம் சரிதான். ஆனால் அந்த மூன்றாவது கூட்டம், நாங்கள் திரி இழுக்கிறோம் என்று ஒரு டாக்டர் முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். போன வாரம்தான் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் கருந்திரி பிடித்து இரண்டு பேரை ஜீப்பில் ஏற்றிப் போனதாகப் பேச்சு. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர்களைக் கூப்பிடுவேன்?

மதினிதான் கூப்பிட்டாள். எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினாள், என்ன பேசினாள் என்று சொல்ல மறுத்துவிட்டாள். ஊர்ச் சமுதாயக்கூடம் வேண்டாம் என்று, அவள் வீட்டு முன்னறையிலேயே கருவியை வைத்தேன். ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார்கள். முன்பு வந்ததில் பாதிப் பேர்தான். வீட்டில் கட்டுகிற சேலையோடு வந்து, சுவரையொட்டி வரிசையாக உட்கார்ந்தார்கள்.

முதலாவதாக வந்து என் எதிரே உட்கார்ந்தவள், அன்றைக்கு நான் கேட்பதற்கு முன்னாலேயே காட்டு வேலை என்று சொன்னவள். நான் பேனாவை எடுத்ததும் அவள் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, நிஜமான அக்கறையோடு கேட்டாள்.

"டாக்டரம்மா, இந்தத் தடவ நாங்க என்ன வேலைன்னு சொல்லணும்? எப்படிச் சொன்னா உங்களுக்கு ஆகும்?"

எதிரில் இருப்பவள் நல்லவளாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது? திட்டவாவது முடியுமா? "உள்ளதச் சொல்லுங்கக்கா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். கடைசியில் இருந்த ஒருத்தி எழுந்து, "அடுப்புல ஒல வச்சிட்டு வந்துட்டேன்" என்று வெளியே போய்விட்டாள். இன்னொருத்தியும் எழுந்தாள்.

மதினி எழுந்து வந்து, என் எதிரே இருந்தவளை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அந்த நாலு எட்டுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. அடங்கும் வரைக்கும் நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"கருந்திரி" என்றாள் சத்தமாக. "உங்க அண்ணனக் கட்டிக்கிட்டு வந்த வருசத்துலருந்து. உங்க அம்மாதான் சொல்லிக் குடுத்தாக. அதுக்குப் பெறகு கம்பெனி, மருந்து செலுத்துற ரூம்பு. எழுது."

தொழில் என்ற கட்டத்தில் எழுதினேன். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து வாசலில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அறைக்குள் ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை, நானும்தான். யாரோ யாரிடமோ வழி கேட்டார்கள். வண்டி கிளம்பித் தெருவைத் தாண்டிப் போனது. எழுந்து நின்றவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, மதினிக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்தாள்.

"ம், கொழாயக் குடு" என்றாள் மதினி.